தொப்பிக்குள் ஒன்பதாம் இடம்

போன வாரம்தான் சுரங்கத் தொழிலாளர் சங்கத்து வாசகசாலையில் ஹெப்பிள் எழுந்து நின்று முழங்கினான். மனிதன் பிறக்கும்போதே பேராசைக்காரனாகப் பிறப்பதில்லை, பயம்தான் அவனை அப்படி ஆக்குகிறது, பயத்தை எடுத்துவிட்டால் எவனும் பக்கத்து ஆளின் தட்டை எட்டிப் பார்க்க மாட்டான் என்றான். அத்தாட்சி கேட்டவர்களுக்குச் சுரங்கத்துக் குலுக்கலைக் காட்டினான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, யார் எந்த இடத்தில் கரி வெட்டுவது என்று பேர்ச்சீட்டுகள் போட்ட தொப்பிதான் தீர்மானிக்கும். மேனேஜருக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சே அங்கே எடுபடாது. "எங்க தாத்தா காலத்துலேருந்து ஒருத்தன்கூட ஏமாத்தினதில்ல!" என்றான். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மேனேஜர் லோரிமர் மட்டும் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

பேச்சு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. இன்று குலுக்கல் நாள், சீட்டு எடுக்க வேண்டியவனும் ஹெப்பிள்தான். காலையில் தங்கை எஸ்தர் வந்துவிட்டுப் போனதிலிருந்து அவனுக்கு ஒரு வாய் தேநீர்கூட இறங்கவில்லை.

"அண்ணே, ராத்திரி வில்ஃப் துப்பினதுல ரத்தம் இருந்துச்சு," என்றாள் அவள். வில்ஃப் அவள் புருஷன். "அவருக்கு ஒன்பதாம் இடம் விழுந்துச்சுன்னா, பனிக்காலம் முடியறதுக்குள்ள நான் துக்கத்துக்குக் கறுப்புத் துணி உடுத்தணும்."

"அது என் கையிலயா இருக்கு? தொப்பி என்ன சொல்லுதோ அதுதான்."

"தொப்பிக்குள்ள போறது உன் கைதானே? அவர் சீட்டுல ஒரு சொட்டு மெழுகு விட்டிருக்கேன். தடவினாலே தெரியும். ஒன்பதுன்னு கூப்பிடும்போது அதை மட்டும் எடுக்காதே. வேற ஒண்ணும் கேக்கல."

"போடி வெளியே!" என்று கத்தினான் ஹெப்பிள். கத்தியதோடு சரி, யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. ஒன்பதாம் இடத்தைச் சுரங்கத்தில் குளியலறை என்று கிண்டல் செய்வார்கள். கணுக்கால் உயரம் ஊற்றுத்தண்ணீர், அதில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வெட்ட வேண்டும். நல்ல நெஞ்சு உள்ளவனே அங்கே மூன்று மாதத்தில் இருமத் தொடங்குவான்.

சங்கக் கூடத்தில் எள் போட இடமில்லை. வீட்டிலிருந்து எழுதி மடித்து வந்த சீட்டுகளை ஆளாளுக்குத் தொப்பிக்குள் போட்டார்கள். வில்ஃபும் போட்டான். மச்சானின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. லோரிமர் நாற்காலியில் சாய்ந்துகொள்ள, மேஸ்திரி இடங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான். மேலே கிடந்ததைத் தொட்டதும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தான் ஹெப்பிள். விரல் எதையும் தெரிந்துகொண்டுவிடக் கூடாதே என்று அவசரப்பட்டான். எட்டு வரைக்கும் தப்பித்தான்.

"ஒன்பது!"

கையை விட்டதும் முதலில் தட்டுப்பட்டதே அந்த மெழுகுதான்.

விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தால் யாரோ ஒருத்தன் வில்ஃபுக்குப் பதிலாகத் தண்ணீரில் படுப்பான். இதையே எடுத்தால் தங்கை புருஷனைத் தன் கையாலேயே குழிக்குள் தள்ளியதாகும். அதிர்ஷ்டத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. தெரிந்துபோன பிறகு எதை எடுத்தாலும் அது அவன் தேர்ந்தெடுத்ததுதான்.

வெறுங்கையை வெளியே எடுத்தான். "இந்தக் குலுக்கல் செல்லாது. ஒரு சீட்டு எனக்கு அடையாளம் தெரியுது. காலையிலயே சொல்லியிருக்கணும், சொல்லல."

"யாருது?" என்று பாய்ந்து எழுந்தான் ஜோப் ராம்ஷா. நாலு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், வாய் நீளம், கை ஓங்குவதிலும் முந்துவான்.

"என்னுது," என்றான் வில்ஃப். "தெரிஞ்சுதான் போட்டேன்."

லோரிமர் அவசரமே இல்லாமல் சிரித்தபடி எழுந்தார். "மனுஷ சுபாவம், ஹெப்பிள். போன வாரம் நல்லாத்தான் பேசினீங்க. குலுக்கலைக் கெடுத்தவனுக்கு மோசமான இடம்னு உங்க சங்க விதியே சொல்லுதே. ஒன்பதை அந்த ஆளுக்கே குடுத்துட்டு மேல நடத்துங்க."

"குடுங்க அவனுக்கே!" என்று கூடம் உறுமியது. ராம்ஷா வில்ஃபின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"உனக்குப் பதிலா நான் போயிருப்பேன்டா! தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"நான் அங்க கெடந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்கியிருப்பேன்," என்று சொல்லிவிட்டு வில்ஃப் குனிந்து இருமினான். இருமல் நிற்கவே இல்லை.

ராம்ஷாவின் பிடி தளர்ந்தது. "போன தடவை ஒன்பது டீஸ்டேலுக்கு விழுந்துச்சு," என்றான். "எனக்கு இல்லன்னதும் ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டுப் போய் பீர் குடிச்சேன். இங்க இருக்கற எல்லாரும்தான் குடிச்சோம். டீஸ்டேல் இப்ப சர்ச் சுவத்துக்கு அந்தப் பக்கம் கல்லறையில கெடக்கான். நாம யாரும் சீட்டுல மெழுகு தடவல, அவ்வளவுதான்."

ஹெப்பிளுக்குச் செவிட்டில் அறைந்தது போல் இருந்தது. போன வாரம் அத்தனை பெருமையடித்தானே, அந்தத் தொப்பி பயத்தை எடுக்கவே இல்லை. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. இத்தனை காலமும் அதற்கு நீதி என்று பெயர் வைத்துக் கும்பிட்டோமே என்று அவனுக்கு உறைத்தது.

"ஐயா," என்று லோரிமர் பக்கம் திரும்பினான். "பம்பு வெச்சுத் தண்ணிய எறைக்கிற வரைக்கும் ஒன்பதாம் இடம் குலுக்கல்ல கெடையாது. எவன் பேரையும் அதுக்கு எடுக்க மாட்டேன்."

"குலுக்கல் இல்லேன்னா திங்கக்கிழமை வேலையும் இல்ல. கதவைப் பூட்டிடுவேன். எத்தனை நாள் தாங்குவீங்க? நாலே நாள்ல ஒருத்தன் காலை ஒருத்தன் வாரிவிட்டுட்டு ஓடி வருவீங்க."

"வரலாம்," என்றான் ஹெப்பிள். "வந்தா பசியிலதான் வருவோம். அதையும் மனுஷ சுபாவம்னு எழுதிக்காதீங்க."

தொப்பியை அவன் மேஜைமேல் கவிழ்த்தான். ஒருத்தன் வந்து தன் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போனான். அடுத்து இன்னொருத்தன். கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. லோரிமர் சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

வாசலில் நின்றுகொண்டிருந்த வில்ஃப், ராம்ஷாவைப் பார்த்ததும் கையை நீட்டினான். ராம்ஷா அதைத் தொடவில்லை.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதே. இந்த ஜென்மத்துல மாட்டேன்," என்றான். "ஆனா அந்தத் தண்ணியில நீ படுக்க வேண்டாம். நானும் படுக்க மாட்டேன்."