இலீதியோ போர்பாவின் பெர்மிட்

எடைமேடை திறந்திருக்கிறது என்று விளக்குப் பலகை எரிவதைப் பார்த்ததும் அத்ரியானோ போர்பா வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பின்னால் இரண்டு டிரெய்லர் நிறையக் குதிரைமசால் புல்லுக் கட்டுகள். சுமையோடு அவர் பெரிய சாலையில் ஏறியே மாதக்கணக்காகிறது. வாய்க்கால் கரையையொட்டிப் போகும் குறுக்குச் சாலைகளிலேயே, பாதாம் தோப்புகளுக்கு நடுவே, புழுதியைத் தின்றுகொண்டு ஓட்டிப் பழகியிருந்தார். இன்றைக்கென்று பார்த்து வாய்க்கால் பாலத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மாற்றுப் பாதை என்று அம்புக்குறி வேறு. அந்த அம்புக்குறி கொண்டுவந்து விட்ட இடம் இது. லாரிகள் எல்லாம் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஒதுங்காமல் நேரே போனால் துரத்திக்கொண்டு வருவார்கள். துரத்திப் பிடித்தவனிடம் எதைச் சொன்னாலும் எடுபடாது. அவர் ஒதுங்கினார்.

லாரியின் கதவில் 'இலீதியோ போர்பா, ஹில்மர், கலிஃபோர்னியா' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பெர்மிட் எண். இலீதியோ அவருடைய அண்ணன். மார்ச் மாதம் ஒரு காலையில் கொட்டகையில் சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று டயர்மேல் சாய்ந்தார். அவ்வளவுதான். தெர்செய்ராத் தீவிலிருந்து வந்து ஹில்மரில் குடியேறிய தீவுக்காரர்கள் அத்தனை பேரும் வந்து மண் போட்டார்கள். மண்டபத்தில் பெரிய பெரிய பாத்திரத்தில் இறைச்சி ரசமும் ரொட்டியும் போட்டார்கள். பாண்டு வாத்தியக்காரர்கள்கூட வந்து நின்றார்கள். ஊர் முழுக்கத் தெரியும். தெரியாதது சர்க்காரின் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். அதில் இலீதியோ இன்னும் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். சாவதற்கு முந்தின மாதம்தான் பெர்மிட்டைப் புதுப்பித்திருந்தார்.

பெர்மிட் லாரிக்குக் கொடுப்பதில்லை, ஆளுக்குக் கொடுப்பது. ஆள் போனால் அதுவும் போயிற்று. இது அத்ரியானோவுக்குத் தெரியாததல்ல. ஆனால் தீவுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. வருஷம் திரும்புகிறவரை போனவன் பெயரை எதிலிருந்தும் அழிக்க மாட்டார்கள். தபால் பெட்டியானாலும் சரி, லாரிக் கதவானாலும் சரி. அது ஒரு காரணம். அதைத்தான் அவர் வெளியே சொல்லிக்கொண்டிருந்தார். நிஜக் காரணம் வேறு. அவர் சர்க்காரை நம்புகிறவர் இல்லை.

அண்ணி தியொலிந்தா ஏப்ரலிலேயே கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, கறுப்பு உடையோடேயே அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டாள்.

"ஆபீசுக்குப் போய் என் பேருக்கு மாத்திட்டு வந்துருவோம், அத்ரியானோ. நேர் வழி இருக்கறப்ப எதுக்கு எலி மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓட்டணும்?"

"நேர் வழியா? அப்பா செத்தப்ப நேர் வழிலதான போனோம்? என்னாச்சு? நீயே சொல்லு அண்ணி, என்னாச்சு?"

அவளுக்கும் தெரியும். அப்பா இறந்ததும் இரண்டு மகன்களும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பால்பண்ணையைத் தங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று நின்றார்கள். அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத அதிகாரிகள் அட்டையும் பேனாவுமாக வந்து இறங்கினார்கள். தரைச் சரிவு போதாது, சாக்கடை கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சுவர் அப்படி, கூரை இப்படி. கறவைக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். மாடுகள் ஏலத்துக்குப் போயின. அப்பா உயிரோடிருந்தவரை நன்றாயிருந்த தரை, அவர் செத்ததும் எப்படிச் சரிவு குறைந்தது என்று அத்ரியானோவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"புதுப் பெர்மிட்டுன்னா புது இன்சூரன்சு. எழுபது தாண்டுன கிழவன் ஓட்டுற ஓட்டை லாரிக்கு எவன் குடுப்பான்? அண்ணன் பேர்ல ஓடுது. ஓடட்டும். செத்தது நம்ம வீட்டுச் சமாச்சாரம். அவனுங்களுக்கு எதுக்கு?"

"என்னமோ செய். உன் பிடிவாதம் உங்கப்பா பிடிவாதம். ஆனா ஒண்ணு. எவனாவது எங்கிட்ட வந்து கேட்டான்னா, அவரு உசிரோட இருக்காருன்னு என் வாயிலேர்ந்து வராது. இந்தக் கையால மண்ணு போட்டிருக்கேன்."

கொட்டகையில் இனி மாடு கிடையாது. அந்த வீட்டுக்குக் கறக்கிற மாடு இந்த லாரி ஒன்றுதான். அதை இழுத்துக்கொண்டு போய்விட்டால் அவளுக்கு இருக்கிற வீட்டை விற்பது தவிர வேறு போக்கில்லை.

மேடைமேல் ஏறியதும் எடை சரியாகத்தான் இருந்தது. எடையில் அவர் என்றைக்கும் தப்பியதில்லை. ஆனாலும் பச்சை விளக்கு எரியவில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லி அம்பு எரிந்தது. சட்டைக்குள் வியர்வை இறங்கியது. ஆகஸ்ட் வெயில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வந்தது ஒரு பெண். நெடுஞ்சாலைப் போலீஸ் சட்டை, மார்பில் ஓல்சன் என்று பெயர்ப் பட்டை. முப்பத்தைந்து வயதிருக்கும். நிதானமான ஆள். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. கத்துகிற போலீஸ்காரனைச் சமாளித்துவிடலாம். நிதானமாக இருப்பவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அவள் சக்கரப் பலகையில் படுத்து லாரிக்கு அடியில் போய் பிரேக்கைப் பார்த்தாள். கட்டுக் கயிறுகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தாள். கண்ணாடிக் கம்பியில் கட்டியிருந்த கறுப்பு நாடாவிடம் வந்து நின்றாள். துக்கத்துக்காகத் தியொலிந்தா கட்டியது.

"இது என்ன சார் துணி?"

"கண்ணாடி துடைக்கறது."

"கறுப்புத் துணியில துடைப்பாங்களா?"

"அழுக்குத் தெரியாது பாருங்க."

அவள் சிரித்துவிட்டாள். அத்ரியானோவும் சிரித்தார். சிரித்த வாயை மூடத் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பின்னால் அடுத்த லாரிக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். தக்காளி ஏற்றியவன். வெயிலில் சரக்கு கசியக் கசிய நிற்கிறவன்.

"யோவ் தாத்தா! அந்தம்மாவ கல்யாணத்துக்குக் கேக்குறியா? சீக்கிரம் கேட்டுட்டுக் கெளம்புய்யா, இங்க சாறு ஊத்துது!"

"அடுத்து உங்கிட்டதான் வரேன், உன் பிரேக்கப் பாக்க. சாறு நல்லா ஊத்தட்டும்" என்றாள் ஓல்சன் திரும்பாமலே. அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

லைசென்சை வாங்கிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனாள். அத்ரியானோ படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே அவள் திரையைப் பார்ப்பதும் எதையோ தட்டுவதும் தெரிந்தது. ஒரு தடவை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இந்த முழங்காலோடு எங்கே ஓடுவது, பாதாம் தோப்புக்குள்ளா? இரண்டு டிரெய்லர் புல்லைப் போட்டுவிட்டா?

வெளியே வந்தவள் லைசென்சைத் திருப்பிக் கொடுத்தாள். "வண்டி நல்லா வச்சிருக்கீங்க. இந்த வயசு வண்டியில இப்பிடி பிரேக் நான் பாத்ததே இல்ல."

"எங்கண்ணன் வேலை" என்றார். அது உண்மை.

"அவர்தான இலீதியோ? பெர்மிட் அவர் பேர்லதான இருக்கு?"

"ஆமா."

"ஒரு குறிப்பு இருக்கு சார். வண்டி நிறுத்தற எடத்த வந்து பாக்கணும், நாள் குறிக்கணும்னு எங்காளுங்க ரெண்டு தடவை கூப்பிட்டிருக்காங்க. ஆள் பேசவே இல்லையாம். பெரிய விஷயமில்ல. அவர் எங்க இருக்காரு இப்ப?"

"வீட்ல" என்றார் அத்ரியானோ.

சொன்ன பிறகுதான் தெரிந்தது சொன்னது. தீவுக்குப் போயிருக்கிறான், தெர்செய்ராவில் சொந்தக்காரர் வீட்டுத் திருவிழா என்று சொல்லியிருக்கலாம். போன் எடுக்காத ஊர் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ ராத்திரி படுத்துக்கொண்டு அதைத்தான் யோசித்து வைத்திருந்தார். நாக்கு வேறொன்றைச் சொல்லிவிட்டது. அண்ணன் எங்கே என்று யார் கேட்டாலும் அறுபது வருஷமாக அந்த நாக்குக்கு அந்த ஒரு பதில்தான் தெரியும்.

"நல்லதாப் போச்சு. போனைப் போடுங்க. ரெண்டு நிமிஷம் பேசி நாள் குறிச்சுக்கறேன், நீங்க கெளம்பலாம். இல்லன்னா இந்தக் குறிப்ப வச்சுக்கிட்டு உங்கள அனுப்பறதுக்கு எனக்கு வழியில்ல. வண்டி இங்கதான் நிக்கணும்."

"அவன் போன்ல பேச மாட்டான். காது மந்தம்."

"நான் கத்திப் பேசறேன் சார். எங்க வீட்லயும் ஒரு செவிட்டு மனுஷன் இருக்காரு."

தப்பிக்க இடமில்லை. அத்ரியானோ சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விரல் ஒரு தடவை தப்பாக அமுக்கியது. மறுபடி அமுக்கினார். சத்தமாக வையுங்கள் என்று அவள் சைகை காட்டினாள். மணி அடித்தது. அடுப்படிச் சுவரில் தொங்கும் பழைய போன் அது. தியொலிந்தா கோழிக்குத் தீனி போடப் போயிருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். கோயிலில்கூட அவர் அப்படி வேண்டியதில்லை.

"ஆரு?" என்றாள் தியொலிந்தா.

அவர் தீவு மொழியில் வேகமாக ஆரம்பித்தார். "அண்ணி, நான்தான், கேளு, இங்க ஒரு..."

"எனக்குப் புரியற பாஷையில பேசுங்க சார்" என்றாள் ஓல்சன். குரல் உயரவில்லை. ஆனால் சிரிப்பு போயிருந்தது. கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். "வணக்கம்மா. நான் நெடுஞ்சாலைப் போலீஸ், ஓல்சன். பயப்படாதீங்க, உங்க லாரிக்கு ஒண்ணும் ஆகல. இங்க எடைமேடையிலதான் நிக்குது. பெர்மிட் விஷயமா மிஸ்டர் இலீதியோ போர்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணும். வீட்ல இருக்கார்னு சொன்னாங்க."

அடுப்படிக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவள் குழாயை மூடிவிட்டாள். சொல்லப் போகிறாள் என்று அத்ரியானோவுக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன் என்றவள். சொன்னால் சொன்னவள். லாரியை இழுக்கிற வண்டி எங்கேயிருந்து வரும், சௌச்சிலாவிலிருந்தா மெர்செதிலிருந்தா என்று மனம் அதற்குள் அங்கே போய்விட்டது. கட்டுகளை யார் இறக்குவார்கள்? புல்லுக்காகக் காத்திருக்கும் பண்ணைக்காரனுக்கு யார் சொல்வார்கள்?

"ஆரு சொன்னா?" என்றாள் தியொலிந்தா.

"அவர் தம்பி."

நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"கூப்பிடுறேன், இருங்க" என்றாள்.

போனைக் கையிலிருந்து விடும் சத்தம். தொங்கிக்கொண்டு சுவரில் மோதுகிறது, டொக், டொக் என்று. செருப்பு தேயும் ஒலி. வலைக்கதவு திறந்து அறைந்துகொண்டது. பிறகு முற்றத்திலிருந்து அவள் குரல்.

"இலீதியோ!"

சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி, ரொம்பச் சாதாரணமாக. அடக்கம் ஆன நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் அத்ரியானோ கேட்டதில்லை. 'அவரு' என்பாள், 'உங்கண்ணன்' என்பாள்.

"இலீதியோ! போன்!"

நாய் குரைத்தது. அது வேலியோரமாக ஓடி ஓடிக் குரைப்பது குரைப்பின் ஏற்ற இறக்கத்திலேயே தெரிந்தது. அதற்கும் யாரைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

"எடம் பெருசோ?" என்று கேட்டாள் ஓல்சன்.

"ஆமா" என்றார் அத்ரியானோ. "கொட்டகைக்கு அந்தாண்ட வாய்க்கால் வரைக்கும் போவும்."

"இலீதியோ!" இப்போது குரல் கொட்டகைப் பக்கமிருந்து வந்தது. தகரக் கதவை இழுக்கிற கிறீச்சொலி. உள்ளே போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும், குரல் எதிரொலித்துப் பெரிதாக வந்தது. அண்ணன் எந்த டயர்மேல் சாய்ந்தாரோ அந்த இடத்தில் நின்று கூப்பிடுகிறாள். பதிலுக்காகக் காத்திருக்கும் அளவுக்கு இடைவெளி. மறுபடி கூப்பிடுகிறாள். இந்தத் தடவை அது கூப்பிடுவது மாதிரி இல்லை. கேட்பது மாதிரி இருந்தது. அடுத்தது சண்டை போடுவது மாதிரி. எங்கே போய்த் தொலைந்தாய், எத்தனை நாள் கூப்பிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிற மாதிரி. "இலீதியோ! இலீதியோ!" சோளக்காட்டு வரப்பில் இறங்கிவிட்டாள் போல. குரல் தேய்ந்து, மறைந்து, காற்று திரும்பும்போது மறுபடி வந்தது. போனுக்காகத்தான் கிளம்பினோம் என்பது அவளுக்கு இப்போது ஞாபகம் இருக்குமா என்று அத்ரியானோவால் சொல்ல முடியவில்லை.

எப்போது தொப்பியைக் கழற்றினார் என்று அவருக்குத் தெரியாது. அது இரண்டு கையிலுமாக வயிற்றோடு சேர்ந்திருந்தது. ஓல்சன் அந்தத் தொப்பியைப் பார்த்தாள். பிறகு கதவில் இருந்த பெயரைப் பார்த்தாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

பின்னாலிருந்து தக்காளி லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். அவனுக்குப் பின்னால் இன்னொருவனும் அமுக்கினான். ஓல்சன் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். இன்னொரு கையை உயரத் தூக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வரிசை முழுக்க இஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. தூக்கிய கையை இறக்காமல், வெயிலில், அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.