எண்ணெய்ப் பக்கம் நின்றவர்

1

இந்தக் கதை ஒரு சாக்காகப் பிறந்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். என் மனைவி லாவோனுக்கு ஈரலில் புற்று. "தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணு, ஆர்வல்" என்று மூன்று வாரமாகக் கேட்கிறாள். முன்னோர் இங்கே குடியேறியதைக் கொண்டாடும் சபையின் ஜூலை விழா மலருக்கு எங்கள் ஊரின் முதல் பிஷப்பைப் பற்றி எழுத வேண்டும், முடித்துவிட்டு வருகிறேன் என்று நானும் மூன்று வாரமாகச் சொல்கிறேன்.

பிஷப் அல்ஃபியஸ் தோர்ன்டைக் என் கொள்ளுத்தாத்தா. அவருடைய நாட்குறிப்பு என் மேஜையில் இருக்கிறது. பக்கத்து அறையில் லாவோன் இருமுகிறாள்.

2

தொடக்கம் ஒன்று: "தோர்ன்டைக் இந்தப் பள்ளத்தாக்கில் வண்டியை நிறுத்தியபோது, கண்ணுக்கெட்டியவரை புதரும் வெட்டுக்கிளியும்தான்—"

வேண்டாம். எல்லா மலரும் இப்படித்தான் தொடங்குகின்றன. வெட்டுக்கிளிகளுக்கே அலுத்திருக்கும்.

தொடக்கம் இரண்டு: 1852 ஆகஸ்ட், சபை மாநாட்டு மேடை. மதம் பரப்பும் ஊழியத்துக்கு வெளிநாடு போக வேண்டியவர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். அந்தக் காலத்தில் முன்கூட்டி யாரும் கேட்பதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே தலையெழுத்து மாறிவிடும்.

"பிஷப், உங்க பேருதான்! டென்மார்க்காம்" என்று பக்கத்திலிருந்தவன் விலாவில் இடித்தான். "அது எந்தப் பக்கம்னாவது தெரியுமா?"

"தெரியாது. போய்ப் பாத்துச் சொல்றேன்."

சிரித்தார்கள். அவர் மனைவி தெர்ஸா ஏற்கெனவே பத்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

3

கை வைக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்கள் வேண்டும். ஒருவர் ஜெபித்த ஒலிவ எண்ணெயில் ஒரு சொட்டை உச்சந்தலையில் வைப்பார். பிறகு இருவரும் கை வைக்க, மற்றவர் பேசுவார். கடவுளிடமிருந்து உள்ளே என்ன வருகிறதோ அதைத்தான் பேச வேண்டும். தன் ஆசையைப் பேசக் கூடாது. உள்ளே ஒன்றும் வராவிட்டால் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஆமென் போட்டுவிடலாம்.

தோர்ன்டைக் டென்மார்க்குக்குப் புறப்பட்ட நாள் காலை பற்றி நாட்குறிப்பு சொல்கிறது: "தெர்ஸாவுக்குக் கை வைத்தோம். எண்ணெய் சகோதரர் பெல். நான் பேசினேன். நீ பிழைப்பாய், என்னை இந்த வாசலிலேயே வரவேற்பாய் என்று வாக்குத் தந்தேன்."

4

[இங்கே தெர்ஸாவைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதில் அவளைப் புனிதையாக்கியிருந்தேன். அவள் அடுப்படியில் பாட்டுப் பாடுவாள், கோபம் வந்தால் தட்டை எறிவாள் என்று பெல்லின் மனைவி கெசியா எழுதி வைத்திருக்கிறாள். இந்தத் தெர்ஸாவைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.]

அவர் போன நாலாம் நாள் தெர்ஸாவுக்கு இருமலில் ரத்தம் வந்தது. வண்டிகளின் அச்சு முறிந்து, அவருடைய கூட்டம் ஒரு நாள் சவாரித் தூரத்தில்தான் ஆற்றங்கரையில் தங்கியிருந்தது. இதுவரை கெசியா எழுதியது. பேச்சு மட்டும் என் கற்பனை.

"குதிரைய அனுப்பறேன்டி. நாளன்னிக்கே வந்துடுவார்."

"வேணாம்."

"என்னடி வேணாம்? ரத்தத்தப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். ஆளனுப்பினா, அவர் வாய்ல வந்த வாக்க நான் நம்பலேன்னு ஆயிடும் கெசியா. பிழைப்பேன்னு சொல்லிட்டாரு இல்ல? பிழைப்பேன். நீ அந்தக் கஞ்சிய சூடாக்கு, பச்சத் தண்ணியா இருக்கு."

ஏழாம் நாள் இறந்தாள். அதற்குள் அச்சு சரியாகி வண்டிகள் மலையைத் தாண்டியிருந்தன.

இதை எழுதும்போது எனக்கு அவர்மீது கோபமாக வருகிறது. அவளை அவளுடைய விசுவாசமே கட்டிப்போட்டுவிட்டது. கயிறு திரித்துக் கொடுத்தது அவர்.

5

நாட்குறிப்பு, கோபன்ஹேகன்: "மார்ச் 9. கெசியாவின் கடிதம் வந்தது. மழை." அடுத்த பதினோரு நாளும் ஒன்றுமில்லை. வெறும் தேதிகளை மட்டும் எழுதியிருக்கிறார்.

மூன்று வருடம் கழித்துத் திரும்பி, கிர்ஸ்டின் என்ற டென்மார்க்காரியை மணந்தார். நான் அந்த வழி வந்தவன்.*

பிறகும் நாற்பது வருடம் பிஷப்பாகவே இருந்தார். நோயாளி இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். எல்லா இடத்திலும் எண்ணெய்ப் பக்கம் மட்டுமே நின்றார், பேச்சை மற்றவரிடம் விட்டார். "என்ன பணிவு!" என்று எங்கள் மலர்கள் நான்கு முறை புகழ்ந்திருக்கின்றன. முதல் இரண்டு என் அப்பா எழுதியவை, அடுத்த இரண்டும் நான்.

மேலே உள்ள கோபத்தை எழுதி முடித்த பிறகு, போன செவ்வாய்க்கிழமைதான் அந்தப் புறப்பாட்டு நாளின் பக்க ஓரத்தைக் கவனித்தேன். வேறு மையில், கிழவரின் நடுங்கும் எழுத்தில் ஒரு வரி: "எனக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், நானே சொல்லிவிட்டேன்."

என் கோபம் அந்த வரியில் போய்விட்டது. அவர் அழாத அழுகையை இரவல் வாங்கியதுபோல வெகுநேரம் அழுதேன்.

* பலதார மணம் வழக்கமாயிருந்த அந்தக் காலத்து எங்கள் ஊரில் இரண்டாமவள் வர முதலாமவள் சாக வேண்டிய அவசியமில்லை. இருந்தும், கிர்ஸ்டின் இருக்கையில் வேறு யாரையும் அவர் மணக்கவில்லை. காரணத்தை அவர் எழுதவில்லை.

6

மலருக்கான முடிவு: பணிவின் சிகரமான பிஷப் மக்கள் புடைசூழ மறைந்தார்.

இன்னொரு முடிவு: கெசியா தெர்ஸாவின் பேச்சைக் கேட்காமல் குதிரையை அனுப்புகிறாள். அவர் ஓடி வந்து, தப்பாகச் சொல்லிவிட்டேன் தெர்ஸா என்கிறார். அவள் தட்டை எறிகிறாள். [இதை எழுதி மூன்று முறை படித்துக்கொண்டேன்.]

மூன்றாவது முடி—

வாசலில் கார். லாவோனின் தம்பி டெல்பர்ட், கையில் சின்ன எண்ணெய்க் குப்பி. அவள் எனக்குத் தெரியாமல் போன் செய்திருக்கிறாள்.

"டெல்பர்ட், இன்னைக்கு நீ பேசு. எண்ணெய நான் வைக்கிறேன்."

"மச்சான், அக்கா தெளிவாச் சொல்லிட்டா. எண்ணெய் நான், பேச்சு நீங்க."

"ஆர்வல்!" உள்ளேயிருந்து அவள் குரல். "அந்தக் கிழவர அப்புறம் எழுதிக்கலாம், அவர் எங்க ஓடிடப் போறாரு. இங்க வா. நீ சொன்னா நான் நம்புவேன்."

அதுதான் பயம், லாவோன்.

பேனாவை மூடப் போகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, முடி கொட்டிய தலையைக் குனிந்திருப்பாள். டெல்பர்ட் ஒரு சொட்டு வைப்பான். என் கைகளை அதன்மேல் வைத்து, அவளுடைய முழுப் பெயரையும் சொல்வேன். உள்ளே ஏதாவது வருகிறதா என்று காத்திருப்பேன். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பார்க்காமல் இருக்க என்னால் முடியுமா என்பது, நாற்பத்தாறு வருடம் அவளோடு வாழ்ந்த எனக்கே தெரியவில்லை. இவ்வளவு தூரம் கூட வந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

லாவோன் மே தோர்ன்டைக், நீ