நத்தைகள் ஒரு மணி நேரம் தாமதம்

1

இந்தக் கதை ஒரு கேலியில் பிறந்தது. கேலி என்னுடையது, பயம் தென்ரியுடையது. இப்போது அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்று அக்டோபரின் கடைசி ஞாயிறு. விடிவதற்குள் இந்த நாட்டுக் கடிகாரங்களை எல்லாம் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியாயிற்று. நெதர்லாந்து கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்குகிறது. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்து மணிக்குத் தென்ரி வருவாள், இந்தக் கதையின் முடிவைக் கேட்க. ஒன்பதிலிருந்து பத்துவரை, இலவசமாக வந்த அந்த ஒரு மணி நேரத்தை, முடிவுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அவள் சும்மா கேட்க வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். (இப்போதே சொன்னால் நீங்கள் நேரே கடைசிப் பக்கத்துக்கு ஓடிவிடுவீர்கள். அங்கே இன்னும் ஒன்றும் இல்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வட கடலோரத்தில் சாம்பல் நிறச் சேற்றுவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. அதில் முழங்கால்வரை புதைந்து ஒரு மக்காசார்ப் பெண்

வேண்டாம். விஷயத்துக்கு வரப் பயந்தவர்கள்தான் சேற்றை வர்ணித்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது: தென்ரி நேர்மையானவள்.

இதையும் அடித்துவிட்டேன். அப்படி எழுதினால் முடிவையும் சேர்த்து எழுதியதாகிவிடும். அவள் நேர்மையானவள்தான். ஆனால் போன வாரத்திலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

ஆகவே வெறும் விவரம்.

3

தென்ரி இந்தோனேசியாவின் மக்காசாரிலிருந்து இங்கே முனைவர் பட்டத்துக்கு வந்தவள். நாளை திங்கட்கிழமை அவள் ஆய்வேட்டின் அரங்கேற்றம். இங்கே அது கல்யாணம் மாதிரி நடக்கும். பட்டத்துக்கு நிற்பவளுக்கு மாப்பிள்ளைத் தோழன் போல இரண்டு பக்கமும் இரண்டு பேர் கறுப்பு உடையில் நிற்பார்கள். அவளுக்கு வலப்பக்கம் நான்.* எதிரே பேராசிரியர்கள் அங்கி போட்டு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்பார்கள். நேரம் முடிந்ததும் கோல்காரர் உள்ளே வந்து, மணி கட்டிய கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் வாயை மூடிக்கொள்ளலாம்.

அவள் ஆராய்ந்தது சேற்று நத்தைகளை. கடல்நீர் வடிந்த பிறகு நத்தைகள் எவ்வளவு நேரத்தில் மேலே வருகின்றன என்பதுதான் கேள்வி. சேற்றில் அசைவை உணரும் கருவிகளைப் புதைத்தாள். நீர் வடியும் நேரத்தை அரசாங்க அட்டவணையிலிருந்து எடுத்தாள். மூன்றாம் அத்தியாயத்தின் பெரிய கண்டுபிடிப்பு இது: அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நத்தைகள் ஒரு மணி நேரம் தாமதமாக வருகின்றன. காரணம் குளிர்.

போன திங்கட்கிழமை என் அறையில் ஒத்திகை பார்த்தோம். நான் பேராசிரியர் மாதிரி மூக்கை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்.

"ஏம்மா, கரெக்டா அந்த ஞாயித்துக்கிழமைலேர்ந்தா? நத்தைங்களும் கடிகாரத்தைத் திருப்பி வச்சுக்குதா என்ன?"

தென்ரி சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சிரிப்பை நிறுத்தினாள். நான் நிறுத்த இன்னும் சற்று நேரமாயிற்று.

மக்காசாரில் யாரும் கடிகாரத்தைத் தள்ளுவதில்லை. என் ஊரிலும்தான். இங்கே ஃபோன் தானாக மாற்றிக்கொள்ளும், நம்மைக் கேட்காது. அட்டவணையும் ஊர்க் கடிகாரத்தோடு மாறிக்கொண்டது. சேற்றில் புதைந்திருந்த கருவிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை; அது பழைய மணியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இந்த நாட்டுக்காரர்களுக்கு இது பல் துலக்குவது மாதிரி. ஒருத்திக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று அவர்கள் கனவிலும் நினைக்கமாட்டார்கள்.

நத்தைகள் தாமதமாகவே வரவில்லை.

* கூட நிற்பவர்கள் அந்தக் காலத்தில் பட்டத்துக்கு நிற்பவருக்காக வாதாடவும் செய்வார்களாம். இப்போது தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால் போதும். எனக்கு அது நிம்மதியாக இருந்தது, போன திங்கட்கிழமைவரை.

4

யெட்ஸ்கே என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. தென்ரியின் வழிகாட்டி. முதல் வரைவில் அவரைக் கண்டிப்பான கிழவியாக எழுதினேன். கதைக்குச் சௌகரியம். ஆனால் நிஜ யெட்ஸ்கே தோட்டத்துக் காரட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டுவந்து எல்லார் மேசையிலும் வைப்பவர். தென்ரிக்குக் காய்ச்சல் வந்தபோது சைக்கிளில் சூப் கொண்டுபோனவர். அவரிடம் சொல்வதற்கு என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

வியாழக்கிழமை சொல்லத்தான் போனாள். இவள் வாயைத் திறப்பதற்குள் யெட்ஸ்கே முந்திக்கொண்டார். மூன்றாம் அத்தியாயத்தை அடித்தளமாக வைத்துப் புது ஆய்வுக்கு அனுமதி வந்துவிட்டதாம். அதில் தென்ரிக்கு வேலை. வேலை இருந்தால்தான் இந்த நாட்டில் இருக்க முடியும். யெட்ஸ்கே அவளைக் கட்டிக்கொண்டார். இவள் நன்றி சொல்லிவிட்டு, இரண்டு காரட்டோடு திரும்பிவந்தாள்.

கெட்டவரிடம் உண்மை சொல்ல ஒரு துணிச்சல் போதும். நல்லவரிடம் சொல்ல

(இந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்போம். இங்கே பூசணிக்காய் அச்சாகி, அட்டை போட்டு, துறையில் எல்லார் மேசைக்கும் போய்விட்டது. இதுவரை ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதுதான் பயங்கரம்.

5

நேற்று அவள் என்னிடம் சொன்னது இதுதான்.

"அக்கா, நீங்க இதைக் கதையா எழுதுறீங்கன்னு தெரியும். பரவால்ல. ஆனா ஒண்ணு. நீங்க எப்படி முடிக்கிறீங்களோ அப்படியே நான் செஞ்சுடறேன். என்னால யோசிக்க முடியல."

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"எங்கப்பா முதல் வரிசைல உக்காருவாரு. நீங்களே முடிவு பண்ணிடுங்க."

கதைக்காரிக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இதைவிடப் பெரிய தண்டனையும் கிடையாது. என் கதையை யாரும் முழுதாகப் படித்தாலே அதிசயம். இவள் அதை வாழ்ந்து காட்டுகிறேன் என்கிறாள்.

6

முடிவு ஒன்று. யாரும் கேட்கவில்லை. கோல் தட்டுகிறது. தென்ரி முனைவராகிறாள். கேக், பூங்கொத்து, யெட்ஸ்கேயின் உரை. அவள் அப்பா அழுகிறார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் இதே ஞாயிறன்று ஊரே கூடுதலாகத் தூங்கும்போது அவள் மட்டும் விழித்திருக்கிறாள். அவள் அத்தியாயத்தை நம்பி வேறொரு மாணவி சேற்றில் இறங்குகிறாள்.

முடிவு இரண்டு. அவளே சொல்லிவிடுகிறாள். "மிகக் கற்றறிந்த எதிர்வாதி அவர்களே," (இத்தனை வருடம் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களையும் அங்கே இப்படித்தான் அழைக்க வேண்டும்) "என் மூன்றாம் அத்தியாயம்

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அவள் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மகள் பேசுகிறாள் என்று மட்டும் தெரியும். அவள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருப்பார். பட்டத்தை நிறுத்துவார்களா, திருத்தச் சொல்வார்களா, வேலை போகுமா, எனக்குத் தெரியாது. யாரிடமாவது விசாரித்தால் அதுவே சொன்னதாகிவிடும்.

முடிவு மூன்று. யாரோ ஒருவர் என் கேலியையே கேள்வியாகக் கேட்கிறார். ஏன் சரியாக அந்த ஞாயிறு? தென்ரி வாயைத் திறக்கிறாள். கோல் தட்டுகிறது. "விரும்பினால் முடிக்கலாம், இல்லையென்றால் இத்தோடு விடலாம்," என்கிறார் தலைவர். அவள் திரும்பி வலப்பக்கம் நிற்கும் என்னைப் பார்க்கிறாள்.

கதைக்காரியாக எனக்கு இந்த மூன்றாவது மிகவும் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மணி ஒன்பது. இனித்தான் உண்மையான

7

அழைப்பு மணி.

ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். தென்ரி. மழையில் நனைந்துகொண்டு, பக்கத்தில் அவள் அப்பா, புது மேலங்கியில். நேற்று வந்து இறங்கியவர். அண்ணாந்து பார்த்து, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிச் சிரிக்கிறார்.

"பத்தாயிடுச்சு அக்கா," என்று கீழேயிருந்து குரல் கொடுக்கிறாள். "யெட்ஸ்கே ஏதாவது அனுப்பிடுவாங்களோன்னு ஃபோனை அணைச்சு வச்சுட்டேன். அப்பா வாட்ச்சைப் பாத்துதான் வந்தோம், அது இன்னும் மக்காசார் நேரம். ஆறு மணி நேரம் கழிச்சா இந்த ஊர் நேரம்."

நேற்றுவரை ஆறு. இன்றிலிருந்து ஏழு.

இந்த வருடமும். இவ்வளவுக்குப் பிறகும்.

கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன். இந்த ஊர் மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து. அப்பாவுக்கு முழங்கால் வலி, மெல்லத்தான் ஏறுவார்கள். அதற்குள் இதை எழுதுகிறேன். அவள் உள்ளே வந்ததும் என் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். அப்பா எதிரிலேயே அவளுக்குப் புரிந்துவிடும். சிரிப்பாளா, உட்கார்ந்துவிடுவாளா தெரியாது. பிறகு முடிவைக் கேட்பாள்.

என்னிடம் இல்லை. ஒதுக்கி வைத்த நேரத்தை அவளே கையோடு கொண்டுவந்துவிட்டாள். அந்த ஒரு மணி நேரம் இன்னும் செலவாகவில்லை. அதை உங்களிடம் கொடுக்கிறேன். வலப்பக்கம் வந்து நில்லுங்கள். கறுப்பு உடை உங்களுக்கும் பொருந்தும்.

கடைசிப் படி. அப்பா மூச்சு வாங்குகிறார். அவள் ஏதோ சொல்லி அவரைச் சிரிக்க வைக்கிறாள்.

நாளைக்கு அவள் என்ன செய்யட்டும்? பத்து மணிக்குள் சொல்லுங்கள். அவள் அப்படியே செய்துவிடுவாள்.