பதினேழு அறைகள்

இசைக்கு அழிவில்லை. கல் தேயும், ஓலை செல்லரிக்கும், ராஜ்ஜியங்கள் மண்ணாகும். நாதம் மட்டும் நிற்கும். நாதமகுடம் மேடைக்கு மேடை இப்படித்தான் முழங்குவார். அந்த நாதத்தில் ஒரு பக்கம் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு அழிந்தது. 'அப்டேட் வெற்றிகரமாக முடிந்தது' என்று திரையில் பச்சை நிறத்தில் வாழ்த்துச் செய்தியும் வந்தது.

நாதமகுடம் என்பது பட்டம். வழங்கியது ஏழு பேர் கொண்ட ஓர் இசைச் சங்கம், தலைவர் அவரே. அவர் இசையமைப்பதென்றால் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி 'ம்ம்ம்' என்று இழுப்பது. அந்த இழுவையைக் கம்ப்யூட்டரில் ஐந்து கோட்டில் புள்ளி புள்ளியாக ஏற்றி, பாடுகிறவர்கள் படிக்கும்படி ஆக்குவது தங்கை புருஷன். நகல்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். தெரிகிற அளவுக்கு மேல் யாரும் தெரிந்துகொண்டதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாதமகுடத்தின் 'அன்னையின் அண்டம்' நாற்பது குரலில் முதல் ஒத்திகை. அதன் கடைசிப் பக்கத்தைத் திறந்துதான் நகல்காரர் உறைந்துபோனார். இருந்த குறிகளைக் காணோம். முதல் வரியில் ஒரு கார் ஹாரன் படம். பக்கத்தில் விசில். அடுத்து கொல்லன் பட்டறைக்கல், மாட்டு மணி, மறுபடி மூன்று ஹாரன். தாளக்காரர் எதைத் தட்டவேண்டும், எதை ஊதவேண்டும் என்று காட்டுவதற்காக இசை ஃபான்ட்களில் வைத்திருக்கும் குட்டிப் படங்கள் அவை.

ஃபான்ட் என்பது ஒரு லாட்ஜ் மாதிரி. ஒவ்வொரு குறிக்கும் ஓர் அறை எண். ஃபைல் எண்ணை மட்டும்தான் எழுதி வைத்துக்கொள்ளும். உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று அதற்குக் கவலையில்லை. நகல்காரர் நான்கு வருஷம் முன்பு காலியாகக் கிடந்த பதினேழு அறைகளில் தானே வரைந்த பதினேழு குறிகளைக் குடிவைத்தார். அப்டேட் வந்து லாட்ஜையே இடித்துக் கட்டி, அதே எண்களில் ஹாரனையும் விசிலையும் ஏற்றிவிட்டது. பழைய குடித்தனக்காரர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க ஆளில்லை.

அந்தப் பதினேழும் சும்மா வரைந்தவை அல்ல. அவருடைய மாமியார், அதாவது நாதமகுடத்தின் அம்மா, ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி ஒன்பது நாளும் பக்கத்தில் இருந்தது நகல்காரரின் மனைவி. மகன் நாதமகுடத்துக்கு அந்த வாரம் மூன்று பாராட்டு விழா. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே கிழவி ஏதோ முனகிக்கொண்டே இருந்தாள். பாட்டும் இல்லை, அழுகையும் இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மனைவி கம்ப்யூட்டர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதை அப்படியே முனகிக் காட்டினாள். போனில் பதிவு செய்யலாமா என்று அவர் கேட்டார்.

"வேண்டாங்க. என் குரல்ல அதைத் திரும்பக் கேட்டா தாங்கமாட்டேன். எழுதிடுங்க."

எழுத சாப்ட்வேரில் குறி இல்லை. வழுக்கி நடுவில் ஒடியும் மூச்சுக்கு, பாதியில் திரும்பி வரும் சுரத்துக்கு, எதற்கும் இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து அவரே வரைந்தார். முடிந்ததும் அதைப் பார்த்து ஒருமுறை முனகினார். "இதேதான்," என்றாள். அம்மா போனதற்கு அவள் அழுதது அப்போதுதான். நாதமகுடம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நான் மனசுல நினைச்சது அப்படியே வந்திருக்கு," என்று தன் 'அண்ட'த்துக்குக் கடைசிப் பக்கமாக எடுத்துக்கொண்டார். ஒத்திகை வரை அச்சடிக்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். காப்பியடித்துவிடுவார்களாம்.

ஆகவே காகிதத்தில் இல்லை. ஃபைலை நகல்காரர் மூன்று இடத்தில் பத்திரப்படுத்தியிருந்தார். ஃபான்ட்டை ஓரிடத்திலும் இல்லை. பெட்டகத்தை மூன்று பூட்டுப் போட்டுப் பூட்டி, நகையை வாசல்படியில் வைத்த கதை.

ஃபான்ட்டை நீக்கி மறுபடி ஏற்றினார். ஹாரன். பழைய சாப்ட்வேரைத் தேடிப் பிடித்துப் போட்டார். அதுவும் புது ஃபான்ட்டையே கூப்பிட்டது. ஹாரன். கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். நாற்பது நிமிஷம் அவர்கள் இசையைக் கேட்டபின் ஒரு பெண் பேசினாள்.

"சார், உங்க ஃபான்ட் நல்லாத்தான் இருக்கு. ஒரு குறையும் காட்டலையே."

"அம்மா, குறை இல்லாததுதான் குறை. அதுக்குள்ள நான் வரைஞ்சது இருந்துச்சு."

"வரைஞ்சீங்களா? அப்போ வேற பேர் வச்சுத்தானே சார் சேவ் பண்ணீங்க?"

"அது... இருக்கும். அழிஞ்சதைத் திருப்பி எடுக்க வழி இருக்கா?"

"மேல எழுதிடுச்சுன்னா வராது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அவர் போனை வைத்தார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் எண்களை வைத்துக்கொண்டு எது எந்தக் குறி என்று நினைவுபடுத்திப் பார்த்தார். ஆறாம் அறையில் இருந்தது ஒடியும் மூச்சா, திரும்பும் மூச்சா? முனகிப் பார்த்தார். வாயில் நாதமகுடத்தின் இழுவைதான் வந்தது. இத்தனை வருஷம் அதையே கேட்ட காது.

கடைசியில் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"அம்மா முனகுனதை ஒருதடவை முனகிக் காட்டேன்."

மனைவி அடுப்பை அணைத்தாள். உதட்டைக் குவித்தாள். வாய் திறந்தபடி நின்றது, சத்தம் வரவில்லை.

"வரலைங்க. நீங்க எழுதி வச்சாச்சேன்னு நான் அன்னைக்கே இறக்கி வச்சுட்டேன்." கரண்டியைக் கழுவினாள். "அதனாலென்ன, ஞாயித்துக்கிழமை கேட்கத்தானே போறோம்."

வெள்ளிக்கிழமை நாதமகுடத்தின் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்துத் தலைகுனிந்தார்.

"மச்சான், கடைசிப் பக்கம் போச்சு. ஃபான்ட் மாறிடுச்சு. அது இல்லாம நிறுத்திக்கலாம்."

நாதமகுடம் ஹாரனையே பார்த்தார். கண்ணை மூடினார்.

"மாப்ளே, மரணம்ங்கிறது என்ன?"

"மச்சான்..."

"ஒரு வண்டி. நம்மளை ஏத்திக்க வர்ற வண்டி. வண்டின்னா ஹாரன் அடிக்காதா?"

"இது தானா வந்த கோளாறு மச்சான்."

"கோளாறு இல்ல மாப்ளே, வெளிப்பாடு. ஒரு புள்ளியைத் தொட்டே, நான் மனுஷனா இருக்கமாட்டேன்."

இப்போது மட்டும் என்னவாக இருக்கிறார் என்பது வேறு கேள்வி. நாற்பது பிரதி அச்சாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட கூடத்தில் மனைவி மூன்றாம் வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். நாற்பது குரலும் 'ஆ' என்று ஏறி, ஒரு மணி நேரம் இறங்க மறுத்து, ஒருவழியாகக் கடைசிப் பக்கத்துக்கு வந்தன. தாளக்காரர் ரப்பர் ஹாரனை எடுத்து மூன்றுமுறை அமுக்கினார். விசில் ஊதினார். இரும்பில் ஓங்கி ஒரு அடி. நாதமகுடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்த நகல்காரர் பக்கம் சாய்ந்தாள்.

"அம்மா எப்ப வருவாங்க?"

ஹாரன் மறுபடி அடித்தது. பாடகர்கள் நோட்டை மூடினார்கள்.

"என்னங்க, உங்களைத்தான். அம்மா வரவே இல்லையே?"

"அழிஞ்சுபோச்சு," என்றார் நகல்காரர். "கம்பெனிக்காரன் அப்டேட்ல அழிச்சுட்டான்."

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். "கம்பெனிக்காரனா?"

"ஆமா."

கம்பெனியின் அப்டேட், கம்பெனி வைத்த பெயருள்ள ஃபான்ட்களை மட்டும்தான் மாற்றும். நான்கு வருஷம் முன்பு பதினேழு குறிகளையும் வரைந்து முடித்துச் சேமித்தபோது, புதுப் பெயர் வேண்டுமா என்று திரை கேட்டது. டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் 'வேண்டாம்' என்பதை அழுத்தியிருந்தார்.