அண்ணியின் ஆம்ப்ளிஃபயர்

அண்ணி கிடாரை மாட்டிக்கொண்டு ஒரு கம்பியைத் தட்டினார். பழைய ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

குழந்தை பிறந்த பிறகு அவர் வெளியே வாசிக்கப்போவது இதுதான் முதல் தடவை. பழைய குழு கூப்பிட்டிருந்தது. நிகழ்ச்சி அன்று மாலையே. வாடகைக் கடையில் இந்த மாதிரிப் பெட்டி ஒன்றுகூட மிச்சமில்லை. வர முடியாதென்றால் மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

"வாயாடி, நீ பாரேன்" என்றார் அண்ணி.

வாயாடி நான்தான். வாயைத் திறக்காததற்காக அவர் வைத்த பெயர். இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கிறேன். நேர்முகத் தேர்வுகளில் பதில் தொண்டை வரை வந்து நின்றுவிடும்.

"இவளா? இருக்கிற உயிரும் போயிடப்போகுது" என்றான் அண்ணன்.

"போனா என் பெட்டிதானே? நீங்க குழந்தையைப் பிடிங்க."

சமையலறை மேசையில் பெட்டியைத் திறந்தேன். மின்சாரம் வரும் வழியில் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்தேன். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி பிழைக்கும். பல்பு ஒருமுறை மின்னி மங்கியது. ஷார்ட் இல்லை. ஆனாலும் எனக்குப் பெரிய டிரான்சிஸ்டர்கள் மேல்தான் சந்தேகம். இரண்டையும் கழற்றி மீட்டரில் சோதித்தேன். நன்றாகவே இருந்தன. அதற்குள் அண்ணி மேசையைத் துடைத்துவிட்டிருந்தார். டிரான்சிஸ்டர்களைத் திரும்ப மாட்டி சுவிட்சைப் போட்டேன்.

பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது.

"நல்லா எரியுதே!" என்றார் அண்ணி.

"எரியக் கூடாது அண்ணி."

அணைத்தேன். இல்லாத கோளாறை நானே உண்டாக்கிவிட்டேன். மறுபடி கழற்றியதும் புரிந்தது. டிரான்சிஸ்டருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே மெல்லிய மைக்கா இருக்க வேண்டும். சூட்டை விடும், மின்சாரத்தை விடாது. அது இல்லை.

"கண்ணாடி மாதிரி ரெண்டு துண்டு... மேல வெள்ளைப் பசை..."

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். "பிசுபிசுன்னு இருந்துச்சே, குப்பைன்னு நினைச்சேன்."

"கூட்டணி அமோகம்" என்றான் அண்ணன். "ஒருத்தி கழட்டுறா, ஒருத்தி குப்பையில போடுறா."

"வாய் பேசாம குழந்தைக்குப் பால் கொடுங்க."

அண்ணி கூடையைக் கவிழ்த்து உருளைக்கிழங்குத் தோலுக்குள் கைவிட்டார். இரண்டும் உடையாமல் கிடைத்தன. கழுவித் துடைத்துக் கொடுத்தார். மாட்டாமல் விட்டது நான். அதை அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

புதிதாகப் பசை தடவி, அவற்றை வைத்து மாட்டினேன். இப்போது பல்பு மின்னி மங்கியது. சத்தம் மட்டும் இன்னும் இல்லை.

கைபேசி அடித்தது. "குழுவிலேர்ந்து" என்றார் அண்ணி. "என்ன சொல்லட்டும்?"

"கொஞ்சம் இருங்க."

ஸ்க்ரூடிரைவரின் கம்பியில் விரலை வைத்து, சத்தத்தைப் பெருக்கும் பின்பாதிக்குள் அது நுழையும் இடத்தை முனையால் தொட்டேன். ஸ்பீக்கர் ம்ம்ம் என்றது. பின்பாதிக்கு உயிர் இருக்கிறது. முன்பாதியிலிருந்து வரும் வழியில் பின்பக்கத்துத் துளைகள் இரண்டு இருந்தன. வேறு கருவி சேர்ப்பதற்கானவை. ஒன்றும் செருகாதபோது உள்ளே ஒரு சிறு தகடு தொட்டுக்கொண்டு சத்தத்துக்கு வழிவிட வேண்டும். இரண்டையும் ஒரு வயரால் இணைத்தேன்.

"இப்போ தட்டுங்க அண்ணி."

தட்டினார். குழந்தை வீரிட்டு அழுதது.

அவ்வளவுதான். அந்தச் சிறு தகட்டில் கறுப்பு படிந்திருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த அட்டையால் தேய்த்ததும் வயர் தேவைப்படவில்லை. டிரான்சிஸ்டரைத் தொட்டே இருக்க வேண்டியதில்லை.

அண்ணி குழுவைத் திரும்பக் கூப்பிட்டார். "வரேன். என்கூட இன்னொருத்தரும் வராங்க. என் பெட்டியைப் பாத்துக்கிறவங்க."

நான் தலையை ஆட்டி மறுத்தேன். அவர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

அரங்கத்தில் நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அண்ணி மேடையிலிருந்து கையசைத்தார். பெட்டிக்குப் பின்னால் திரைச்சீலையை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து கூட்டத்தில் ஒரு முகம்கூடத் தெரியவில்லை. அண்ணியின் முதுகும் இடது கை விரல்களும்தான் தெரிந்தன.

பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு. அவர் வாசிக்க ஆரம்பித்தார்.