நாலாவது சக்கரம்

மகள் காரை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பும்போதே கேட்டது. டொக்... டொக்... வேகம் கூடக் கூட அந்தச் சத்தமும் விரைந்தது.

"டயர்ல கல்லு மாட்டியிருக்கும், தானா விழுந்துடும்" என்று வாசல் கதவிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு என் கணவர் உள்ளே போனார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியூரில் புது வேலையில் சேர்ந்து அங்கேயே தங்க, அவ்வளவு தூரம் தனியாக ஓட்டிப் போகிறாள். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தேன். முன் டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து ஊளையிட்டதால்தானே ஞாயிறன்று முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றினோம்? காற்றும் சரிபார்த்தாயிற்று. பிறகென்ன சத்தம்?

டயர் மாற்றுவது எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேலை. இடுப்புவலிக்காரர் அவர், நட்டுகளைக் கையால் திருகி, ஜாக்கியை இறக்கி, "ஏறு" என்பார். நான் ஸ்பேனர்மேல் ஏறி நின்று முடுக்குவேன். என் எடைக்கு அவரிடம் மரியாதை கிடைப்பது அப்போது மட்டும்தான்.

அன்று மூன்று சக்கரத்துக்கு ஏறினேன். நாலாவதில், "நீ குடுத்த இடம், அவ இவ்வளவு தூரம் போறா" என்று ஆரம்பித்தார். நானும் விடவில்லை. அவர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம்.

துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். "அந்த நாலாவது முன் சக்கரத்த முடுக்கினீங்களா?"

"நீ முடுக்கலையா?"

அவளுக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று பழக்கியதே நாங்கள்தான். தேடிப் போகலாமென்றால், இருந்த ஒரே வண்டியும் அவளிடம். அவர் செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

கடைசியில் அவளே கூப்பிட்டாள். இருவருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன். "ஸ்டீயரிங் ஆடுச்சும்மா, ஓரங்கட்டிட்டேன். பக்கத்துல டயர் கடை. ஒரு நட்டு காணோம், மத்ததெல்லாம் கையாலயே கழலுது. புதுசு போட்டு முடுக்கறாங்க. கொஞ்ச தூரம் போய் மறுபடி முடுக்கிப் பாக்கணுமாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்பா திருகினாரு, சரி. நீ ஏறலையா? அதுலயுமா சண்டை?"

"ஆமா" என்றார் அவர், எனக்கு முந்திக்கொண்டு.

"இந்த வாரம் பூரா உங்களுக்கு நடுவுல நான் தூது போனேன். இனிமே வீட்ல நீங்க ரெண்டு பேர்தானே இருப்பீங்க?" என்றாள்.