பாதி கேட்ட இரண்டு வருடம்

1

இந்தக் கதை எனக்குக் காஞ்சிபுரம் பேருந்தில் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் இருந்த புவனேஸ்வரி சொன்னாள். பி.காம். கடைசி வருடம். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்கக்கா. பாவம்னு மட்டும் எழுதாதீங்க."

முதல் வரி: விதி அவள் காதுகளை—

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

வீட்டில் இரண்டு தறி. அந்தச் சத்தத்தில் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். அவளுக்குக் காது மந்தம் என்பதே பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரிந்தது. அங்கே 'டமாரம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் கல்லூரிக்கும் வந்துவிடக் கூடாதென்று காது மெஷினை முடிக்குள் மறைத்தாள். கேட்காததற்கெல்லாம் சிரித்துவைத்தாள். (அது எவ்வளவு களைப்பான வேலை என்று ஒரு பக்கம் எழுதினேன். "தாடை வலிக்கும்க்கா" என்று அவள் சொன்னதே போதும்.)

3

செமஸ்டர் பரீட்சை. தலையைச் சாய்த்து எழுதும்போது மெஷின் கீச்சென்று கத்தியது. மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியர் பாய்ந்து வந்தார்.

"ப்ளூடூத்தா? எடும்மா வெளிய!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. எடுத்து மேசையில் வைத்தாள்.

(இங்கே அவரை வில்லனாக்கி, "உனக்கெல்லாம் காலேஜ் எதுக்கு?" என்று பேசவைத்திருந்தேன். பொய். அது காது மெஷின் என்று கண்டதும் அவர் ஏதோ சொன்னார். மெஷின் மேசையில் கிடந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தாள். 'அடப் பாவமே' என்றது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.)

"பாவம்லாம் இல்ல சார். விடுங்க, எழுதணும்."

எவ்வளவு உரக்கச் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது.

4

பரீட்சை முடிந்து வெளியே வந்தால், அதே ஹாலில் எழுதிய தோழி திரிஷா நின்றிருந்தாள். இனி இங்கேயும் டமாரம்தான்.

"ரெண்டு வருஷமா பேசிக்கினே இருந்தேனே, கேட்டுச்சா உனக்கு?"

"பாதி கேக்கல."

"விக்னேஷ் பத்தி அழுதுக்கினே சொன்னேனே?"

"அதுக்கும் சிரிச்சனா?"

"சிரிச்சபா! என்னா கல்நெஞ்சு இவளுக்குன்னு நெனச்சேன்!"

இருவரும் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு, கேட்டுச் சிரித்தது.

5

முடிவு. ஆசிரியர் மன்னிப்புக் கேட்பதாக ஒன்று எழுதிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. வகுப்பே திருந்தியதாக இன்னொன்று. மறுநாளே ஒருவன் அவளிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினானாம். "கத்தாத. மூஞ்சிய பாத்து பேசு, போதும்" என்றாளாம் இவள்.

நடந்தது இவ்வளவுதான்: திரிஷா அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, விக்னேஷ் விஷயத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"அது அவ கதைக்கா" என்று சொல்லிவிட்டுப் புவனேஸ்வரி பேருந்திலிருந்து இறங்கிப்போனாள்.

அது அழ வேண்டிய கதையா, சிரிக்க வேண்டியதா, நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். இந்த முறை முழுதும் கேட்ட புவனேஸ்வரிக்குத் தெரியும்.